தொட்டியில் நான் விட்ட மீன்கள்

என் மனைவி தன் மீனுக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். காலையில் ஹாலுக்கு வந்து விளக்கைப் போட்டதும், "டேய், முழிச்சிட்டியா?" என்பாள். அது கண்ணாடி ஓரமாக வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். ஆஸ்கார் மீன். உடம்பு முழுக்கக் கருப்பு, அதன் மேல் தணல் சிதறிக் கிடப்பது போல ஆரஞ்சுத் திட்டுகள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கை நீளம்தான் இருந்தது. ஒன்றரை வருஷத்தில் ஒரு அடியை நெருங்கிவிட்டது.

நாங்கள் யோங் பெங் ஊரில், தாமான் என்கிற குடியிருப்பு ஒன்றில், வரிசை வீட்டில் இருக்கிறோம். நான் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அவளும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தான். வலது தோளில் வலி வந்து, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டாள். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள், தோழி ஒருத்தி வீடு மாறும்போது கொடுத்துவிட்டாள் என்று அந்த மீனையும் தொட்டியையும் காரின் பின் சீட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினாள்.

"அம்மாவுக்குப் பொழுது போகும்பா" என்றாள்.

போனது. எனக்கே ஆச்சரியமாக இருக்கும் அளவுக்குப் போனது. வாரம் ஒரு முறை வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவாள். வலது கை சரியில்லாததால் இடது கையால் சின்னச் சின்ன வாளியாகத் தூக்குவாள். நான் எழுந்து போனால், "நீங்க ஒக்காருங்க, அதுக்கு உங்கள கண்டா பயம்" என்பாள். தண்ணீர் மாற்றிய அன்று அது கோபித்துக்கொண்டு, அடியில் ஒருக்களித்துச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது செத்துவிட்டது என்றே நினைத்தேன். அவள் சிரித்தாள். "மூஞ்சத் தூக்கிக்கிட்டு கெடக்கு. எறாலைக் காட்டுனா எந்திரிச்சிரும்." தோலுரித்த எறாலை இரண்டு விரலால் பிடித்துத் தண்ணீரில் விட்டாள். மீன் எழுந்து வந்தது. குழந்தை வாங்குவது போல அவள் விரலில் படாமல் வாங்கியது.

என்னிடம் அது வரவில்லை. நான் தொட்டி அருகில் போனாலே ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். உருண்டைத் தீனியைப் போட்டுவிட்டு நான் சமையலறைக்குப் போன பிறகுதான் வந்து சாப்பிடும். ஐம்பத்து நான்கு வயது ஆள் ஒரு மீன் தன்னிடம் வரவில்லை என்று மனம் சங்கடப்பட்டால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சங்கடப்பட்டது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவள் தொட்டிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று திரும்பாமலே சொல்வாள்.

பெரும்பாலும் அவளோடு பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் உட்கார்ந்திருப்பார். சீனக் குடும்பம். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். தனியாக இருந்தார். வீட்டு முன்பக்கத்தில், பக்கத்து ஊரான ஆயர் ஈத்தாமில் வாங்கிய ஐந்தாறு மண் ஜாடிகள் வைத்து, அவற்றில் தண்ணீர்ச் செடிகள் வளர்த்தார். கொசு முட்டையிடாமல் இருக்க ஜாடிக்குள் குட்டி மீன்களும் விட்டிருந்தார். எங்கள் தொட்டி வந்த வாரமே ஒரு கட்டுச் செடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வேலிக்கு மேலே நீட்டினார். மீன் அன்றைக்கே எல்லாவற்றையும் பிய்த்து மிதக்கவிட்டது. ஆன்ட்டி கைதட்டிச் சிரித்தார். அதை "தவுக்கே" என்றுதான் சொல்வார். "முதலாளிக்குச் செடி பிடிக்கல, வேற கொண்டாறேன்" என்று அடுத்த வாரம் இன்னொரு கட்டு. இப்படியே மாதம் ஒரு கட்டு வந்துகொண்டிருந்தது.

ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது, என் மனைவிக்குச் சீனம் தெரியாது. இருவரும் பாசாரில், அதாவது சந்தையில், பேசுகிற மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி கையாலும் முகத்தாலும் பேசுவது. இவள் தோசை சுட்டால் நான்கு அங்கே போகும். அவர் ஏதாவது அவித்தால் கிண்ணம் இங்கே வரும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பிப் போனதே இல்லை.

என் மனைவி ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். உயிரோடு எதையும் அந்தத் தொட்டிக்குள் போடக்கூடாது.

"மீன் கடையில ஒரே தொட்டியில ஆயிரம் குட்டிய அடைச்சு வச்சிருக்காங்களே, அதெல்லாம் பெரிய மீனுக்குத் தீனியாம். பார்க்கவே முடியல. சீக்கு புடிச்சுக் கெடக்கு பாதி. அந்தக் கடைப் பொண்ணே சொல்லிச்சு, வாங்குனா தனியா ஒரு டப்பாவுல மூணு வாரம் வச்சுப் பார்த்துட்டுத்தான் போடணும்னு. நமக்கு எதுக்கு அதெல்லாம்? எறால் திங்கிது, உருண்டை திங்கிது, போதும்."

இதை என்னிடம்தான் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

என்னோடு பஸ் ஓட்டுகிறவர் ஒருவர் வீட்டிலும் ஆஸ்கார் மீன் இருந்தது. ஒரு நாள் டிப்போவில் காத்திருக்கும்போது தன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினார். பை நிறையக் குட்டித் தங்கமீன்களைத் தொட்டியில் கொட்டுகிறார். ஆஸ்கார் ஒரு நொடி அசையாமல் நிற்கிறது. பிறகு பாய்கிறது. கண்ணாடியில் தண்ணீர் அறைகிறது.

"இப்ப நான் ரூமுக்குள்ள வந்தாலே மேல வந்து நிக்குது, நாய் மாதிரி" என்றார்.

அந்த 'நாய் மாதிரி' தான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை காலையில் அவள் பாசாருக்குப் போவாள். ஆன்ட்டியும் கூடப் போவார். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார்கள். அந்தச் சனிக்கிழமை அவர்கள் கிளம்பியதும் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைப் பெண் இல்லை, வேறு யாரோ இருந்தார். ஒரு பை குட்டி மீன் கேட்டேன். வலையை ஒரே வீச்சில் விட்டு அள்ளிப் பையில் போட்டார். பைக்குள் ஒன்றிரண்டு பக்கவாட்டில் மிதந்தன. ஒன்றின் வாலில் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து பையை அப்படியே, தண்ணீரோடு, தொட்டியில் கவிழ்த்தேன்.

அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால்தான் நின்றிருந்தது. துடுப்புகள் விரிந்தன. உடம்பின் கருப்பு இன்னும் கருப்பானது போல இருந்தது. முதல் மீனைப் பிடித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். பத்து நிமிஷத்தில் பாதிக்கு மேல் காலி. மிச்சத்தை வலையால் அள்ளிக் கழிவறையில் கொட்டினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவள் வருவதற்குள் தரையைத் துடைத்து, வலையைக் காய வைத்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி நான்கு சனிக்கிழமைகள். மூன்றாவது சனிக்கிழமை நான் பையோடு ஹாலுக்குள் வந்ததுமே அது கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. என்னைப் பார்த்து. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு நாள் அவள் தண்ணீர் மேலே மிதந்த ஒரு பொன்னிறச் செதிலை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இது என்னங்க?"

"எறால் தோலா இருக்கும்."

"எறால் தோல் இப்படியா மின்னும்?" என்றாள். ஆனால் அதோடு விட்டுவிட்டாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

ஐந்தாவது வாரம் மீன் குழாயில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்தது. திடீரென்று வேகமாக வந்து ஒரு பக்கமாக உரசிவிட்டுப் போகும். அடியில் கிடக்கும் கல்லிலும் உரசும். விளையாடுகிறது என்று நான் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"நூல் ஒட்டியிருக்குங்க. துண்டுல இருந்து வந்திருக்குமோ?"

நூல் இல்லை. செதிலுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக, அரை விரற்கடை நீளத்துக்கு ஏதோ தொங்கியது. அதன் நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. அது வெளியே வரும் இடம் சிவந்து வீங்கியிருந்தது. எண்ணினாள். ஒரு பக்கம் நான்கு, மறு பக்கம் மூன்று, துடுப்பின் அடியில் ஒன்று. ஒவ்வொன்றாக எண்ணும்போது அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

அன்று மதியமே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமில் ஒரு பெரிய மீன் கடைக்குப் போனோம். நடுத்தர வயது ஆள் ஒருவர் கடையில் இருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நங்கூரப் புழு என்றார். வெளியே தெரிவது வால்தான், தலை உள்ளே சதையில் நங்கூரம் மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும். வெறுமனே இழுத்தால் அறுந்து தலை உள்ளேயே தங்கிவிடும்.

பிறகு நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்து மலாயில் கேட்டார். "தீனி மீன் போட்டீங்களா?"

"இல்ல, போடவே மாட்டோம்" என்றாள் என் மனைவி உடனே. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். சந்தேகத்தில் இல்லை. நானும் சொல்வேன் என்ற எதிர்பார்ப்பில்.

"இல்ல" என்றேன்.

"அப்ப புதுசா வேற மீன், செடி ஏதாவது?"

அவள் யோசித்தாள். "செடி போட்டோம். பக்கத்து வீட்டுல குடுத்தாங்க. போன மாசம்கூட."

"அவங்க செடி இருக்கிற தண்ணியில மீன் இருக்கா?"

"இருக்கு. குட்டி மீனு."

"அதுல இருந்து வந்திருக்கலாம்" என்றார் அவர். "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வரலாம்."

அந்தக் கணத்தில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வேறு வார்த்தை இல்லை. தப்பித்தேன் என்ற நிம்மதி. இத்தனை நாள் கழித்தும் நான் வெட்கப்படுவது மீன்களை வாங்கியதற்குக்கூட அவ்வளவு இல்லை, அந்த நிம்மதிக்குத்தான்.

அடுத்த நாள் சமையலறைத் தரையில் பிளாஸ்டிக் விரித்து, ஈரத் துண்டு போட்டோம். மீனை நான் பிடித்துக்கொள்ள வேண்டும், அவள் புழுவை எடுக்க வேண்டும். துண்டால் கண்ணை மூடினால் துள்ளாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். என் இரண்டு கைக்குள் அது மூச்சு வாங்கியது. முதல் முறையாக அதைத் தொடுகிறேன். அவ்வளவு பலம் அந்த உடம்பில். அவள் ட்வீசரைப் புழுவின் அடியில், தோலை ஒட்டிப் பிடித்து, மெதுவாக இழுத்தாள். வலது தோள் வலித்ததால் முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டாள். ஒன்று எடுத்ததும் காயத்தில் பஞ்சால் அயோடின் தொட்டு வைப்பாள், மீனைத் தண்ணீரில் விட்டு மூச்சு விடச் சொல்வாள், மறுபடி எடுப்போம். எட்டையும் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இரண்டு புழு பாதியில் அறுந்துவிட்டன.

"மன்னிச்சிரு டேய், மன்னிச்சிரு" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். "நான் அந்தச் செடியக் கழுவிட்டுப் போட்டிருக்கணும்."

நான் மீனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டித் தண்ணீரில் புழு முட்டைகள் இருக்கும், மருந்து முட்டையைக் கொல்லாது, பொரித்து வருவதைத்தான் கொல்லும், அதனால் வாரத்துக்கு ஒரு முறை என மூன்று வாரம் ஊற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஊற்றினோம். உப்பும் போட்டோம். செடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்தோம். புழு எடுத்த அன்று மாலை அவள் வேலி அருகில் போய் ஆன்ட்டியைக் கூப்பிட்டுச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. உங்கள் ஜாடியிலும் பாருங்கள், உங்கள் மீனுக்கும் வந்துவிடப் போகிறது என்றுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய மலாயில் அது எப்படி வந்து விழுந்ததோ. "ஆன்ட்டி செடி, புழு. ஆஸ்கார் சாக்கிட்." ஆஸ்காருக்குச் சீக்கு என்று அர்த்தம். ஆன்ட்டியின் முகம் மாறியதை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

மறுநாள் நான் வேலை முடிந்து வரும்போது ஆன்ட்டி ஜாடிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக வளர்த்த செடிகள் எல்லாம் ஒரு கருப்புக் குப்பைப் பையில். தண்ணீர் வாசல் வழியாகச் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குட்டி மீன்களை என்ன செய்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாடியையும் உள்ளே கைவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையில் சோப்பு நுரையோடு எழுந்து, "சோரி ஆ, சோரி" என்றார்.

"தாக் அப்பா, ஆன்ட்டி" என்றேன். பரவாயில்லை என்று நான் அவரை மன்னித்தேன்! அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டேன்.

மீன் பிழைக்கவில்லை. புழு அறுந்த இரண்டு இடத்திலும் காயம் ஆழமாகி, வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. இரண்டாவது முறை மருந்து ஊற்றிய பிறகு சாப்பிடுவதை நிறுத்தியது. கடைசி நாளில் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறது என்று அவள் எறாலைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். கை தண்ணீரில் ஊறி வெளுத்துப்போகும் வரை நின்றாள். பின்பக்கத்தில் நான் குழி வெட்டினேன். அவள் வந்து பார்க்கவில்லை.

அந்த வாரமே ஆன்ட்டி வாசலில் வந்து நின்றார். கையில் தண்ணீர்ப் பை, அதற்குள் உள்ளங்கை நீளத்தில் ஒரு குட்டி ஆஸ்கார். யாரையோ கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். என் மனைவி பையைப் பார்த்தாள், கையை நீட்டவில்லை.

"வேணாம் ஆன்ட்டி. இனிமே மீன் வேணாம்."

அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதால் அது வெடுக்கென்று வந்தது. ஆன்ட்டி பையோடு திரும்பிப் போனார். அதன் பிறகு வேலிப் பக்கம் பேச்சுக் குறைந்தது. சண்டை இல்லை. பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை இவள் தனியாகப் பாசாருக்குப் போனாள். கிண்ணங்கள் போய்வருவது நின்றது. ஏழெட்டு மாதத்தில் ஆன்ட்டியின் மகன் வந்து அவரைப் பொந்தியானுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். லோரியில் சாமான் ஏற்றும்போது என் மனைவி போய்க் கையைப் பிடித்தாள். இருவரும் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். நான் லோரிக்காரனுக்கு அலமாரி தூக்க உதவி செய்துகொண்டிருந்தேன்.

இந்த மாதங்கள் முழுக்க எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரரே உறுதியாகச் சொல்ல முடியாது என்றாரே. செடியிலிருந்தும் வந்திருக்கலாமே. யாருக்குத் தெரியும்? ஆனால் ஆன்ட்டியின் செடி ஒன்றரை வருஷமாக வந்துகொண்டிருந்தது, ஒரு புழு வந்ததில்லை. நான் முதல் பையைக் கவிழ்த்ததிலிருந்து ஐந்தாவது வாரத்தில் வந்தது. இது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாதது போல நடந்துகொள்ள அந்த 'உறுதியாச் சொல்ல முடியாது' எனக்கு உதவியது.

தீபாவளிக்கு வந்த மகள், காலியாகக் கிடந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, "வேற மீன் வாங்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா. ஆன்ட்டி குடுத்த செடியால பட்டது போதும்" என்றாள் இவள்.

ஆன்ட்டியின் பெயர் எங்கள் வீட்டில் இப்படியா நிலைக்க வேண்டும் என்று இருந்தது. மகள் சிங்கப்பூருக்குத் திரும்பிய மறுநாள், என் மனைவி மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் புழு ஆன்ட்டி செடியில இருந்து வரல. நான் தீனி மீனு வாங்கிப் போட்டேன்."

கத்தி நின்றது. "எப்ப?"

"நீ பாசாருக்குப் போனப்ப."

"எத்தன தடவ?"

"நாலு."

"கடையில அந்த ஆளு கேட்டாரே. நான் இல்லேன்னு சொல்லிட்டு உங்கள பார்த்தேனே."

"ஆமா."

கத்தியை மேசையில் வைத்தாள். பிறகு, "எதுக்குப் போட்டீங்க?" என்றாள்.

"அது என்கிட்ட வரவே இல்ல. உன்கிட்ட மட்டும் வந்துச்சு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"கேட்டிருந்தா ஒரு எறாலை உங்க கையில குடுத்திருப்பேனேங்க. பக்கத்துல நின்னு பழக்கிவிட்டிருப்பேனே."

பயற்றங்காயை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். நான்காம் நாள் சொன்னாள்: "பொந்தியான் போகணும். நான் ஆன்ட்டிகிட்ட பேசமாட்டேன். நீங்க பேசணும்."

மகனின் வீடு கடைவரிசையில் மாடியில் இருந்தது. ஆன்ட்டி முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. பாக்கெட் டீ எடுத்து ஸ்ட்ரா குத்திக் கையில் கொடுத்தார். தவுக்கே வீட்டு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று மகனிடம் சொன்னார். நான் மலாயில் ஆரம்பித்தேன். புழு அவருடைய செடியால் வரவில்லை, நான்தான் நோய் பிடித்த மீனை வாங்கிப் போட்டேன், பொய் சொன்னேன், அவர் சோரி சொன்னபோதுகூட உண்மையைச் சொல்லவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை அவருக்குப் புரியவில்லை.

புரிந்ததும் டீயைக் கீழே வைத்தார். என்னிடம் இல்லை, என் மனைவியிடம் திரும்பிப் பேசினார்.

"அப்ப உனக்கு என்மேல வேற கோவம் எதுவும் இல்லையா? நான் சாமிக்குக் காகிதம் எரிக்கிற புகை உங்க வீட்டுக்குள்ள வருது, அதான் நீ பேச மாட்டேங்கிறேன்னு நெனச்சேன். எரிக்கிற டின்னைப் பின்பக்கம் மாத்திட்டேன். அப்பவும் நீ வரல. அப்புறம் நான் குடுத்த சாப்பாட்டுல ஏதாவது இருந்திச்சோன்னு நெனச்சேன்."

என் மனைவி அவர் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தமிழில்தான் ஏதோ சொன்னாள். ஆன்ட்டிக்குப் புரிந்ததா தெரியாது. அந்த டின் பின்பக்கம் போனதை நான் கவனித்ததுகூட இல்லை.

கிளம்பும்போது, புது ஜாடி வாங்கிக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். ஆன்ட்டி மாடி வராந்தாவைக் கையால் காட்டினார். துணிக்கொடி, ஏர்கான் பெட்டி, இரண்டு சைக்கிள். "எங்க வைக்கிறது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "தாக் அப்பா லா. நீ என்னைத் தேடி வந்திட்டே." அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அதற்கு அர்த்தம் இருந்தது.

இப்போது பெருநாட்களில் போனில் பேசிக்கொள்கிறார்கள். ஆன்ட்டியின் காது மந்தமாகிவிட்டது, கையும் முகமும் இல்லாமல் போனில் அவர்களுடைய மலாய் பாதிகூட ஓடுவதில்லை. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

தொட்டியைப் போன மாதம்தான் கொடுத்தோம். ஒரு மலாய்க்கார ஆசிரியர் மனைவியோடு வந்து பார்த்தார். ஆஸ்கார் வளர்க்க ஆசை என்றார். உயிர் மீன் போட்டால் நன்றாக வளருமாமே என்று கேட்டார்.

வேண்டாம் சிகு என்றேன். ஆசிரியர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். போட்டே ஆக வேண்டும் என்றால் கடை மீனை நேராகப் போடாதீர்கள், பையின் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றவே ஊற்றாதீர்கள், மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள், உரசுகிறதா, நூல் தொங்குகிறதா, பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் முழுசாக நம்ப முடியாது, எறாலே போதும் என்றெல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "அங்கிளுக்கு நெறைய அனுபவம்" என்றார்.

என் மனைவி தொட்டியின் குழாய்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"எப்படித் தெரியும்னு சொல்லுங்க" என்றாள்.

அந்த ஆசிரியரும் அவர் மனைவியும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன்.